தலை சுற்றியது, சாமி என்றார்கள்

என் காதுக்கு என்ன ஆனதென்று கேட்கிறீர்களே, உங்கள் அடுப்பில் சோறு குழையவில்லையா? சரி, கேளுங்கள்.

மும்பை தாராவியில் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. திடீரென்று இடது காதில் ஒரே இரைச்சல். தலை சுற்றித் தள்ளாடினேன். சாமி வந்துவிட்டதென்று கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மா இடது பக்கம் நின்று, “தாயே, எம் மவளுக்கு எப்பம் கல்யாணம்?” என்று கேட்டாளாம். என் காதில் விழவே இல்லை. அம்மனுக்குக் கோபமென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மருமகள்தான், “அத்தைக்கு அந்தக் காது கேக்கல, சலோ டாக்டர்ட்ட” என்று செம்பூருக்கு ஆட்டோ பிடித்தாள்.

“உள்காதில் கோளாறு. தாமதித்திருந்தால் அந்தக் காதே போயிருக்கலாம்” என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டதில் இப்போது பெருமளவு கேட்கிறது. டாக்டர் சொன்னபடி உப்பையும் குறைத்துவிட்டேன். மறுபடி இரைச்சல் வந்தால் உடனே அவரிடம் போய்க் காட்டுவேன்.

செல்லம்மாவிடமும் சொல்லிவிட்டேன்: “இனி நான் ஆடுனா வேப்பிலை வேண்டாம்டி, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. ஒம் மவ கல்யாணத்தையும் அவருட்டயே கேட்டுக்கிடுவோம்.”