பாதி மிதி

மகள் சேலம் அஸ்தம்பட்டியில் வேலை பார்க்கிறாள். புதுக் கார் எடுத்திருக்கிறாள். போன வாரம் ஊட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "அம்மா, டிரைவர் சீட்ல உக்காந்து பாரேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். வலது காலுக்கு ரெண்டு மிதி இருந்தது. இடது காலுக்கு ஒன்றும் இல்லை. வெறும் ரப்பர் மேட்.

"கிளட்ச் எங்க சாமி?"

"இதுல கெடயாதும்மா. கியரெல்லாம் அதுவே மாத்திக்கும்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் என் இடது கால் அங்கே எதையோ தேடியது. கட்டைவிரல் தானாக மடங்கிக்கொண்டது. முகம் சூடாகிவிட்டது. எதுக்கென்று மகளுக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் நின்ற என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

புதுக் கார் கடைத்துணி மாதிரி வாசம் அடிக்கிறது. எங்கள் பழைய கார் வாசம் வேறு. பிரேக் ஆயில் வாசம். கிளட்சுக்கும் அதே ஆயில்தான். விளக்கெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்ட மாதிரி இருக்கும். சேலையில் பட்டால் துவைத்தும் போகாது. காதுகுத்துக்கு எடுத்த சேலையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அந்தச் சேலையை நான் அப்புறம் கட்டவில்லை.

மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது அவர் ரிக் வண்டியில் இருந்தார். போர் போடுகிற வண்டி. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஊட்டுக்கு ஒரு ஆம்பளை அதில் போயிருப்பான். வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை வந்தபோது மகள் அவரைப் பார்த்து அலறினாள். யாரோ வந்துவிட்டார்களாம். அடுத்த மாதமே ரிக்கை விட்டுவிட்டு ஒரு பழைய காரை இழுத்துக்கொண்டு வந்தார்.

கார் என்று நான்தான் சொல்கிறேன். அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் முட்டை இருந்தது. டிரைவர் காலடித் தகரம் துருப்பிடித்து, தட்டு அகலத்துக்கு ஓட்டை. "இத ஓட வெச்சு கல்யாண வாடகைக்கு உட்டா ஊரோடவே இருந்துக்கலாம்" என்றார். அதோடு நின்றாரா? பாப்பா காதுகுத்துக்கு ஜேடர்பாளையம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்கு இந்தக் காரில்தான் போவோம் என்று பங்காளிகளிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

"ஓடலீன்னா?" என்று கேட்டார் அவர் அண்ணன்.

"ஓடலீன்னா காதுகுத்து முடிஞ்ச கையோட ரிக்குக்கே போயர்றேன்."

நான் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் பார்த்தேன்.

இன்ஜின் ஓடியது. கிளட்ச்தான் பிரியவில்லை. மிதித்துக்கொண்டு கியர் போட்டால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். மீறிப் போட்டால் காலை எடுப்பதற்குள் வண்டி குதிக்கும். ஒரு நாள் குதித்துத் துளசி மாடத்தை இடித்தது. ஆயிலுக்குள் காத்து புகுந்துகொண்டால் இப்படி ஆகுமாம். மிதிக்கிற பலம் கீழே போய்ச் சேராதாம். காத்தை வெளியேற்ற ஒருத்தர் மேலே மிதிக்கணும். ஒருத்தர் அடியில் படுத்து, பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திறந்து மூடணும்.

மேலே நான், செருப்பைக் கழற்றிவிட்டு. அடியில் அவர்.

"மிதி." மிதிப்பேன். "புடி." பிடிப்பேன். "உடு." விடுவேன். காலையிலும் இதே, மத்தியானமும் இதே. பாலுக்குப் போகிற பொம்பளைகள் நின்று பார்ப்பார்கள். "மகாராணி எங்க பொறப்பட்டாச்சு?" என்பார்கள். எனக்கு உடம்பே கூசும். புருசன் மண்ணில் கிடக்க, நான் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேனே என்று.

காத்து போகவில்லை. வாசர் மாத்தினார். ஆயில் போகிற ஓஸ் குழாய் மாத்தினார். கியர்பாக்ஸையே இறக்கிக் கிளட்ச் பிளேட்டைப் பார்த்தார், அது நன்றாக இருந்தது. கடைசியில் சேலத்துக்குப் போய் பார்ட்ஸ் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். போலிச் சாமான் கொடுத்து ஏமாத்திட்டான் என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டு வந்தார். அவர் யாரிடமும் கத்தாத ஆள்.

காதுகுத்துக்கு முந்தின நாள். சமையல் அண்டா கொடுக்க என் ஓரகத்தி வந்தாள். அவர் அண்ணன் சம்சாரம். நான் மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எறங்கு புள்ள. ஒல கொதிக்குது, நீ போய்ப் பாரு. நான் மிதிக்கறேன்."

இறங்கினேன். அவள் செருப்போடு ஏறி உட்கார்ந்தாள். அடியில் இருந்தவருக்கு ஆள் மாறினது தெரியாது. "மிதி" என்றார். மிதித்தாள். மிதி தகரம் வரைக்கும் போனது. அது அவ்வளவு ஆழம் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆங், அப்பிடித்தான் சாமி! பாட்டில்ல எப்பிடிக் கொப்புளிக்குது பாரு! இத்தன நாளா இந்தக் காலு எங்க போச்சு?"

"கொழுந்தனாரே, இது என்ர காலுங்க."

அவர் அடியிலிருந்து வெளியே வந்தார். காது வரைக்கும் ஆயில்.

"நீ எவ்வளவு மிதிச்சே?" என்று என்னைக் கேட்டார்.

"பாதிங்க."

"ஏன்?"

ஓரகத்தி பார்க்கிறாள். அண்டா இறக்க வந்த ஆட்கள் பார்க்கிறார்கள்.

"ஓட்டையில உங்க மூஞ்சி தெரியுதுங்க. நெத்தியில துண்ணூறு தெரியுது. அதும்மேல காலை வெச்சு மிதிக்கற மாதிரி இருந்துச்சுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்து கையைத் துடைத்தார். "கடக்காரன வேற திட்டிப்போட்டு வந்தனே" என்றார்.

சாயங்காலம் வண்டி ஓடியது. தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி கியர் விழுந்தது. முதல் ஓட்டமே சேலத்துக்குத்தான், அந்தக் கடைக்கு. காதுகுத்துக்கு எடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு நானும் போனேன். இறங்கவில்லை. அவர் உள்ளே போய் என்ன சொன்னாரோ, கடைக்காரர் வெளியே வந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"இவங்கதானுங்களா?"

நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையில் கறை இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

மறுநாள் கோயிலில் ஓரகத்தி ஒருத்தர் விடாமல் சொன்னாள். "புருசன் மூஞ்சிய மிதிக்காத மகராசி" என்று கிழவிகள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஓரகத்தி ஏறியிருக்காவிட்டால், அந்த மகராசி மிதித்த பாதி மிதியால் அவர் ரிக்குக்கே திரும்பிப் போயிருப்பார். அதை யாரும் சொல்லவில்லை. என் தம்பி மடியில் மகள் காது குத்தி அழுதாள். நானும் அழுதேன். பிள்ளை அழுவதால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் ரிக்குக்குப் போகவில்லை. அந்தக் கார் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தது. பிறகு எல்லோருக்கும் ஏசி வண்டி வேண்டியிருந்தது. இரும்புக்கடைக்காரன் வந்து அறுத்து எடுத்துப் போனான். அவருக்கும் முட்டி மடங்குவதில்லை. மண்ணில் படுத்து "மிதி, புடி, உடு" என்கிற குரல் ஊட்டில் இல்லை. இனி அது யாருக்கும் தேவையும் இல்லை.

மகளின் காரிலிருந்து இறங்கினேன். அவர் கிட்டே வந்து, மகளுக்குக் கேட்காமல் சொன்னார்:

"இதுல கீழ ஓட்டையில்ல. தைரியமா செருப்போட ஏறு."

பின் சீட்டில் ஏறினேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.