மூன்று தண்ணீரில் கழுவிய வேர்கள்

எங்கள் வீட்டில் கீரையை மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் தண்ணீர் மண்ணுக்கு, இரண்டாவது பூச்சிக்கு, மூன்றாவது அம்மாவின் மனத்திருப்திக்கு. கிள்ளான் பாசார் சந்தையிலிருந்து அம்மா வாங்கிவரும் கீரைக்கட்டுகளை ஒன்பது வயதிலேயே நான்தான் கழுவினேன். அந்த வேலையில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் எனக்கே ஓங்கி ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்பாவின் தங்கை அப்போது எங்களோடுதான் இருந்தார். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எதைப் பற்றி என்று யாராவது கேட்டால், “சேறு” என்று அப்பா ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கடலோரத்து உப்புச் சதுப்பில் படரும் ஒரு செடியை இரண்டு வருடமாக அத்தை வேரோடு எடுத்து வந்தார். தடித்த இலையோடு அது பருப்புக்கீரை மாதிரியே இருக்கும். அந்த இடத்தில் வீடுகள் கட்டப்போவதாகச் சொல்லி, அணை போட்டுக் கடல்நீரைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வேர்ல ஒட்டியிருக்கிற சேத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க நிறைய இருக்குண்ணே. கடல் தண்ணி வரலன்னா உப்பு கொறஞ்சிரும். அப்ப எது சாகுது, எது புதுசா வந்து ஒட்டுதுன்னு பாக்கணும்” என்று ஒருநாள் சாப்பிடும்போது அத்தை விளக்கினார். கிருமிக்கும் வீடு மாற்றுகிற தொல்லையா என்று அப்பா சிரித்தார். என் காதில் விழுந்தது கிருமி என்ற சொல் மட்டும்தான். பள்ளியில் கைகழுவும் தொட்டிக்கு மேலே கிருமியின் படம் ஒட்டியிருந்தது. பச்சை உடம்பு, கோரைப் பல். அது அத்தையின் செடியில் இருக்கிறதாம். பாவம் அத்தை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அத்தை முழங்கால் வரை சேற்றோடு வந்தார். ஆனால் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

“கடைசி செட் கெடச்சிருச்சு அண்ணி! லோரிங்க மண்ணோட வரிசையா நிக்குது. காவல்காரரு ஒரு மணி நேரந்தான் விட்டாரு. திங்கக்கெழம அந்த எடமே இருக்காது லா.”

இத்தனை நாள் எடுத்ததெல்லாம் கடல்நீர் வந்துகொண்டிருந்தபோது எடுத்தவை. இது ஒன்றுதான் கடல்நீர் நின்ற பிறகு எடுத்தது. இது இருந்தால்தான் ஆராய்ச்சி முடியும் என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. குளித்துவிட்டு உடனே ரயிலேறி லேபுக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லி, ஐஸ் பெட்டியைப் பின்கட்டில் வைத்தார். யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னார். அம்மா கடைக்குப் போய்விட்டார்.

தொடக்கூடாது என்றது கிருமி ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகத்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அத்தை குளித்து வருவதற்குள் கிருமியை நானே கழுவிவிடலாம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போயிற்று.

பெட்டியில் பன்னிரண்டு செடிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு கட்டியிருந்தது. வேரெல்லாம் கருப்புச் சேறு, முட்டை அழுகிய நாற்றம். ஒவ்வொன்றாக எடுத்து மூன்று தண்ணீரில் அலசினேன். இடுக்குகளில் இருந்ததை அம்மா குத்துவிளக்கு தேய்க்கும் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். சீட்டு ஒன்றைக்கூட நனைய விடவில்லை, மாற்றிக் கட்டவும் இல்லை. அவ்வளவு பொறுப்பு எனக்கு!

அத்தை தலையில் துண்டோடு வந்து நின்றார். எல்லாம் வெள்ளையாகிவிட்டது பாருங்கள் என்று காட்டினேன். ஒரு செடியைத் தூக்கி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணிய எங்கம்மா ஊத்துன?”

வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கைக் காட்டினேன். வெறுங்காலோடு ஓடிப்போய் அந்தச் சாக்கடை ஓரத்தில் குந்தினார். பக்கத்து வீட்டுத் துணி துவைத்த நுரைதான் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது விழுந்துவிட்டதா அத்தை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். எழுந்து வந்து என் கையைப் பிடித்து, அவரே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்.

அம்மா திரும்பி வந்து ஈரத்தரையைப் பார்த்து என்னவென்று கேட்டதும் அத்தை முந்திக்கொண்டார். “நான்தான் அண்ணி, ஏதோ அசதியில கழுவித் தொலைச்சிட்டேன்.” எனக்குச் சுருக்கென்றது. வேலை செய்தது நான், பேர் அவருக்கா என்று ஆற்றாமையாக இருந்தது. மாலையில் அப்பா வந்து, இரண்டு வருடத்தை இப்படியா சாக்கடையில் ஊற்றுவாய் என்று சத்தம் போட்டபோதுதான் பேர் எனக்கு வராததே நல்லது என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஆராய்ச்சி முடியவில்லை. மறு வருடம் அத்தை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஐந்தாம் படிவத்தில் உயிரியல் பாடம் படித்தபோது, வேரோடு வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. வேரைச் சுற்றிய அந்தச் சேறுதான் அத்தைக்கு வேண்டியிருந்தது. செடி வெறும் பைதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் மன்னிப்புக் கேட்க நினைக்கிறேன். “அத்தை, அன்னைக்கு...” என்று ஆரம்பித்தாலே முறுக்குத் தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

வேர்களைக் கழுவிய அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அந்தச் செடிகள்தான் பொரியல். கடலோரத்தில் இதைச் சமைப்பார்கள், எறிய வேண்டாம் அண்ணி என்று அத்தையே இலைகளைக் கிள்ளிக் கொடுத்தார். அம்மா உப்பே போடவில்லை, ஆனாலும் கரித்தது. எனக்கு மிகவும் பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்று கேட்டேன். சட்டியில் தீர்ந்துவிட்டிருந்தது. அத்தை தன் தட்டில் தொடாமல் வைத்திருந்ததை அப்படியே என் தட்டுக்குத் தள்ளினார். அத்தைக்குக் கீரை பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் வழித்துச் சாப்பிட்டேன்.