சுண்ணாம்பு பூச விடாத காம்பரா

சுண்ணாம்பு கேட்டுக் கேட்டே எங்கள் லயத்துப் பெண்களுக்குத் தொண்டை வற்றிப்போனது. ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை, அதற்குள்ளேயே சாமிப்படம். விறகுப் புகை ஏறி ஏறிச் சுவரெல்லாம் சட்டியின் அடி மாதிரி கறுத்துக் கிடக்கும். ஒரு மூட்டை சுண்ணாம்பு கொடுங்கள், நாங்களே பூசிக்கொள்கிறோம் என்று வருஷா வருஷம் கேட்போம். "பாப்போம், பாப்போம்" என்பார் கணக்கப்பிள்ளை. காலையில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரும், அந்த வேலைக்குப் பேர் போடுபவரும் அவர்தான். அதனால் அவர் பார்க்கட்டும் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவோம்.

அப்படிப்பட்ட தோட்டத்தில் ஒரு நாள் கேட்காமலே சுண்ணாம்பு வந்தது. ட்ராக்டரில் மூட்டை மூட்டையாக வந்தது. நான் ஒருத்திதான் என் காம்பராவுக்கு வேண்டாம் என்றேன். பைத்தியக்காரி என்றார்கள். திமிர் பிடித்தவள் என்றார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு என் பிள்ளை வேண்டியிருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறைக்கு அப்பால், மலை இறங்கி வெயில் ஏறுகிற சரிவில் இருந்தது. நமுனுகுல மலை மேல் இருந்தவர்கள் குளிரில் நடுங்கினார்கள். நாங்கள் காய்ச்சலில் நடுங்கினோம். மழை விட்டு ஓடைத் தண்ணீர் பாறைக் குழிகளில் தேங்கி நின்றால் போதும், லயத்தில் யாராவது கம்பளிக்குள் கிடப்பார்கள். என் மகள் அப்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிற வயது. அதற்குள் இரண்டு தடவை மலேரியாவில் விழுந்துவிட்டாள். இரண்டாம் தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"மண்ணீரல் வீங்கியிருக்கு. உடம்புல ரத்தமே இல்ல. இன்னொரு தடவை காய்ச்சல் வர விட்டீங்கன்னா பிள்ளை தாங்காது."

வர விட்டால்! நான் என்னவோ கதவைத் திறந்து வைத்து வா ராசா என்று கூப்பிட்ட மாதிரி. சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன மற்றது காதை விட்டுப் போகவே இல்லை. இன்னொரு தடவை தாங்காது.

அந்தப் பயத்தோடு நான் திரிந்த நாட்களில்தான் மருந்தடிக்கிறவர்கள் வந்தார்கள். அரசாங்கத்து மலேரியா ஆட்கள். பழைய டி.டி.டி.க்குக் கொசு சாகவில்லை, இது புது மருந்து, வெளிநாட்டுக்காரர்கள் உதவியாகக் கொடுத்தது, இந்த ஜீப்பும் அவர்கள் கொடுத்தது என்றார்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு எங்களுக்கென்று வந்த ஒரே நல்ல சாமான் அதுதான் என்று நினைக்கிறேன். நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம்! சட்டி பானை, பாய், சாமிப்படம் எல்லாவற்றையும் வாசலில் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். கறுப்புச் சுவரில் காக்கை எச்சம் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவனாக வந்தவன் ஒரு சிங்களப் பொடியன். அரைகுறைத் தமிழில் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னான்.

"அக்கே, செவுரு கழுவ வேணாம். சாணி பூச வேணாம். சுண்ணாம்பு பூசவே வேணாம். கொசு வந்து செவுத்துல குந்தும், மருந்து பட்டுச் சாகும். சுண்ணாம்பு பூசினா மருந்து செத்துப் போகும். ஹரித?"

சரியா என்று கேட்கிறான். சரி என்று லயமே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். ஆனால் நான் ஆட்டியது நிஜமான ஆட்டல்.

சுவரில் நாற்றம் அடங்குவதற்குள் ஒரு நாள் காலைப் பெரட்டில், நாங்கள் வேலைக்கு வரிசை கட்டி நிற்கும்போது, கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"மருந்து குடுத்த நாட்டுக்காரங்க நம்ம தோட்டத்தப் பாக்க வாறாங்க. லயமெல்லாம் உள்ளுக்கும் வெளிக்கும் பளிச்சுன்னு வெள்ளையா இருக்கணும். தொரையோட உத்தரவு." தோட்டத்து மேனேஜரைத்தான் தொரை என்போம்.

பெண்களுக்கு முகமெல்லாம் பல். பக்கத்துக் காம்பரா அக்கா, "நமக்கும் ஒரு காலம் வந்துச்சு பாத்தியாடி!" என்று என் விலாவில் இடித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைச் சுவர் எனக்கும் ஆசைதான். பதுளையில் கடைக்காரர் வீடுகளின் சுவரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு போனவள்தான் நானும்.

"ஐயா, அப்ப செவத்துல அடிச்ச மருந்து?" என்று கேட்டேன்.

"அதுதான் அடிச்சாச்சே. பெறகென்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மருந்து கொடுத்தவர் பார்க்க வருகிறார் என்று அவர் கொடுத்த மருந்தையே மூடி வைக்கிறார்கள். இதைவிடப் பெரிய கூத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. சிரிக்கிறவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் காம்பராவைப் பூச விடமாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். கணக்கப்பிள்ளை காதிலேயே வாங்கவில்லை. நாங்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆம்பிளை ஆட்களை விட்டுப் பூசச் சொல்லிவிட்டார். மேலே இருந்து பார்த்தால் லயம் ஒரு மூலையிலிருந்து வெளுத்துக்கொண்டே வருவது தெரிந்தது. எங்கள் காம்பராவுக்கு இன்னும் இரண்டு கதவுதான் பாக்கி. கூடையை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

என் வாசலில் வாளியோடும் மட்டையோடும் நின்றது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். தலையெல்லாம் சுண்ணாம்பு.

"தள்ளு புள்ள, கணக்கப்பிள்ளை நிக்கிறாரு" என்றார் மெதுவாக.

"நிக்கட்டும். நீங்க ஒரு கோடு இழுத்துப் பாருங்க. நானும் புள்ளையும் இன்னைக்கே இந்த வீட்ட விட்டுப் போயிருவோம். பெறகு இந்த வெள்ளைச் செவத்தப் பாத்துக்கிட்டு நீங்களே ஒக்காந்திருங்க."

மனுஷன் அதிர்ந்து பேசாதவர். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய காரியம் அதுதான்.

கணக்கப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இது யாரு வீட்டுச் செவருன்னு நெனச்ச? தோட்டத்துச் செவரு!"

"செவரு தோட்டத்துதுதான் ஐயா. காய்ச்சல் யாருது?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அவர்களிடம் எப்போதும் ஒன்று இருக்கும். "ரெண்டு பேருக்கும் இனிப் பேர் இல்ல. நான் சொல்ற வரைக்கும் மலைப் பக்கம் வராதீங்க." பேர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அடுப்பு இல்லை. அன்று சாயந்தரம் பக்கத்துக் காம்பரா அக்காதான் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். "திமிர் புடிச்சவளே, தின்னு" என்று தட்டைத் தொம்மென்று வைத்துவிட்டுப் போனாள்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். வெயிலில் சிவந்துபோன உயரமான ஒரு மனிதர், தோளில் கேமரா போட்ட ஒரு பெண், கூடவே எங்கள் தொரை. பின்னால் அந்த மருந்துப் பொடியனும் வந்தான். வெளுத்த பற்களுக்கு நடுவில் சொத்தைப் பல் மாதிரி என் காம்பரா நின்றது. தொரை அதை வேகமாகத் தாண்டப் பார்த்தார். வந்தவர் நின்றுவிட்டார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"தொரை, நான் சொல்றத அவருகிட்டச் சொல்லுங்க. அவங்க குடுத்த மருந்து இந்த ஒரு காம்பராவுலதான் மிச்சம் இருக்கு. மத்ததெல்லாம் சுண்ணாம்புக்குள்ள போயிருச்சு. எங்க புள்ளைங்களுக்குத் திரும்பக் காய்ச்சல் வரப்போகுது. சொல்லுங்க!"

தொரை சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வந்தவர் முகம் மலர்ந்து எனக்குக் கும்பிடு போட்டார். வயிற்றெரிச்சலைச் சொன்னவளுக்கு யாராவது கும்பிடு போடுவார்களா? அவள் உங்களுக்கு நன்றி சொல்கிறாள் என்று தொரை சொன்னாராம். ஜீப் ட்ரைவர் பிற்பாடு சொன்னது. அந்த நேரம் எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அந்தக் கும்பிடே போதும்.

அவர் கையைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். பக்கத்துக் காம்பராவுக்கு இழுத்துக்கொண்டு போய் அந்த வெள்ளைச் சுவரில் அவர் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன். கை முழுக்கச் சுண்ணாம்பு. அதை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். அவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். வாய் விட்டுச் சிரித்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் படம் எடுத்தாள். மருந்துப் பொடியனுக்கு இங்கிலீஷும் கொஞ்சம் தெரியும், தமிழும் கொஞ்சம் தெரியும். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் வேலை முக்கியம் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

கடல் தாண்டி, மலை ஏறி, எங்கள் சுவர் வரைக்கும் வந்த மருந்து அது. அனுப்பியவர் நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார். நல்ல மனசு இருந்து என்ன பிரயோசனம்? எங்களிடம் கேட்டுப் பார்க்க ஒரு ஆள் கூடவா இல்லை?

மழை வந்தது, விட்டது. கொழுந்து கிளம்பி ஆள் போதாததும் எங்கள் இருவருக்கும் மறுபடி பேர் விழுந்தது. முதலில் பக்கத்துக் காம்பரா அக்காவின் மகன் விழுந்தான். அடுத்த வாரமே என் மகளும் விழுந்தாள். அத்தனை சண்டைக்கும் பிறகு! அவள் நெற்றியைத் தொட்ட கையை எடுக்க முடியாமல் அப்படியே இருந்தேன். கடவுளைத் திட்டினேன். கையில் கிடைத்த பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

பசறை பஸ்ஸில் அக்காவும் மகனோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளும் எங்கள் மடியில் அனலாகக் கிடந்தார்கள். வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது நாங்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

"ஒஞ் செவத்துலதான் மருந்து இருந்துச்சே. ஒம் புள்ளைக்கும் ஏண்டி வந்துச்சு?"

"ஒங்க செவத்துல இல்லியே அக்கா."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த பஸ்ஸில்தான் எனக்கே அது விளங்கியது. அங்கே சாகாத கொசு என் வாசலுக்கும் வரும்.

என் மகள் பிழைத்தாள். இனி அவ்வளவுதான் என்று நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு ராத்திரியையும் தாண்டிப் பிழைத்தாள். அக்காவின் மகனும் பிழைத்தான். ஊசிக்கும் மாத்திரைக்கும் நடுவில் நாங்கள் இருவரும் அந்த வார்டின் சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்து நிறையப் பேசினோம். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு அக்கா ஒவ்வொரு கதவாகப் போனாள். நான் கூட வர வேண்டாம் என்றாள். நான் வந்தால் சண்டையில் முடியுமாம். அது சரிதான்.

அடுத்த தடவை மருந்தடித்துக் கொஞ்ச நாளில் மறுபடியும் ட்ராக்டர் வந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம். பெரட்டில் கணக்கப்பிள்ளை வாயைத் திறந்ததும், "எங்க லயத்துக்கு வேணாங்க" என்று ஒரு குரல் வந்தது. என் குரல் இல்லை, அக்காவுடையது. பின்னாலேயே, "எங்களுக்கும் வேணாம்", "எங்களுக்கும் வேணாம்" என்று வரிசை முழுக்கக் குரல் எழும்பியது.

"அப்ப ஒருத்திக்கும் இன்னைக்குப் பேர் இல்ல!"

சரி என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். ஆம்பிளைகளும் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் உட்கார்ந்தார். மழைக்குப் பிறகு கொழுந்து தளதளவென்று கிளம்பியிருந்த நேரம் அது. இன்னும் இரண்டு நாள் விட்டால் முத்திப்போய் ஃபேக்டரிக்கு ஆகாது. அது எங்களுக்கும் தெரியும், தொரைக்கும் தெரியும். வெயில் ஏறியது. கணக்கப்பிள்ளை ஆபீசுக்கு ஓடினார். கடைசியில் தொரையே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"என்னா இது? எல்லாருக்கும் பேர் இருக்கு. போங்க, மலைக்குப் போங்க" என்றார்.

யாரும் எழும்பவில்லை.

"சுண்ணாம்பு?" என்று கேட்டாள் அக்கா.

"அத பெறகு பேசலாம். மொதல்ல கொழுந்த எடுங்க."

"சுண்ணாம்புங்க, தொரை?" என்று நான் கேட்டேன்.

அவர் மலையைப் பார்த்தார். ட்ராக்டரைப் பார்த்தார். எங்களைப் பார்க்காமல், "வேணாம்" என்றார். அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் நாங்கள் கூடையைத் தூக்கினோம்.