ஒரு வண்டி கருவேல முள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூர் ரயிலடிக்குப் போகும் தெருவில் நான் ஒரு காபி கிளப் வைத்திருந்தேன். நாலு பெஞ்சு, ஒரு அடுப்பு, உள்ளே என் மனைவி அரைக்கும் சட்னி. அவ்வளவுதான் கடை. எங்கள் இட்லியை ஒருவரும் குறை சொன்னதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதை இறக்கிவைக்கவென்றே எதிர்ச்சாரியில் ஒருவர் புதிதாகக் கடை போட்டார். அவருடைய காபி சுமார்தான், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் மனிதர் பட்டணத்திலிருந்து ஒரு கிராமபோன் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பெரிய பித்தளைக் குழாய். சாவி கொடுத்துப் பாட விட்டால் தெருவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். என் கடையில் இட்லி சாப்பிட்டவர்களே, "காப்பிய அங்க குடிச்சுக்கறேங்க, ஒரு பாட்டு கேட்டாப்லயும் இருக்கும்" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இதில் இன்னொரு தொல்லை என் மாமனார். பெரம்பலூர்ப் பக்கம் விவசாயம். என் மனைவி அவருக்கு ஒரே பெண். "கடைய மூடிட்டு நம்ம வூட்டுக்கே வந்துடுங்க மாப்பிள. நெலத்தப் பாக்க ஆளில்ல" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் உட்காருவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. கடை இருந்த இருப்பில், தைக்குள் தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எனக்கே தெரிந்திருந்தது.

புது கிராமபோன் வாங்க நமக்கு ஏது வக்கு? ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, தூக்கிச் செல்லச் சோம்பல்பட்டு, தன்னுடைய பழைய பெட்டியைச் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போனார். சின்னத் தகரக் குழாய். அதிலும் ஒரு விரிசல். துணியும் கோந்தும் வைத்து ஒட்டினேன். கூடவே கொஞ்சம் பாட்டு பிளேட்டுகளும் கொடுத்திருந்தார். ஆசையாக ஒரு நாதஸ்வர பிளேட்டை வைத்தேன். தேய்ந்துபோன ஊசி அது. கரகரவென்று இரைந்ததே தவிர நாதஸ்வரத்தைக் காணோம். பெஞ்சில் இருந்த ஒருவர், "ஏங்க, உள்ள யாரு தேங்கா துருவுறது?" என்று கேட்டார். எதிர்க்கடை வரைக்கும் சிரிப்பு.

புது ஊசி போட்டால் சரியாகும். ஆனால் யுத்தத்தில் ஊசிக்குப் பஞ்சம். அரியலூரில் இல்லை, திருச்சியிலும் இல்லை. பெரம்பலூரில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் போன ஒரு வண்டிக்காரரிடம், "எங்க மாமனாரப் பாத்து, மாப்பிள்ளைக்கு முள்ளு வேணுமாம், அவசரமாம், எப்பாடு பட்டாவது வாங்கி அனுப்பச் சொன்னாருன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். கடிகாரத்துக்கு முள், தராசுக்கு முள் என்கிற மாதிரி, கிராமபோன் ஊசியையும் நாங்கள் முள் என்றுதான் சொல்வோம். சைக்கிள் கடையைப் பற்றியும் சொன்னேன். அதை அவர் வழியிலேயே மறந்துவிட்டார் போலிருக்கிறது.

மறுவாரம் ஒரு காலை நேரம், கடை வாசலில் ஒரு பாரவண்டி வந்து நின்றது. வண்டி நிறையக் கருவேல முள். மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, முன்னால் என் மாமனாரே உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கீறல்.

"நல்லா காஞ்ச முள்ளு மாப்பிள. வேலி அடச்சா பத்து வருசம் அசையாது. எங்க எடம் வாங்கியிருக்கீங்க?" என்று பெருமையாகக் கேட்டார். மாப்பிள்ளை ஏதோ மனை வாங்கி வேலி போடப் போகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எதிர்க்கடைக்காரர் வாசலுக்கே வந்து வேடிக்கை பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் மாமனார் என்றும் பார்க்காமல், "பாட்டுப் பொட்டிக்கு முள்ளு கேட்டா வேலிக்கு முள்ளு கொண்டாந்திருக்கீங்களே மாமா" என்று கத்திவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இது ஒதவாதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்தவர்.

என் மனைவிக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அப்பாவைப் பார்த்து வருத்தம். வண்டியிலிருந்து ஒரு முள்ளை ஒடித்து, என் பழைய ஊசியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டும் ஒரே தடிமன்தான். இதையே மாட்டிப் பாருங்களேன்" என்றாள்.

"மரத்துல பாட்டு வருமாடி?" என்று சீறினேன்.

"அது இரும்பா மரமான்னு பிளேட்டுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

மாமனார் மடக்குக் கத்தியை எடுத்து முள்ளின் அடியைச் சீவிக் கொடுத்தார். பிளேட்டு கெட்டால் கெடட்டும் என்ற வெறுப்பில் மாட்டி, திருகாணியை முடுக்கி, அதே நாதஸ்வர பிளேட்டில் வைத்தேன்.

சத்தம் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் அந்த இரைச்சல் போன இடம் தெரியவில்லை. நாதஸ்வரம் மட்டும் வந்தது, வழவழவென்று. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தவுல்காரர் அந்தத் தகரக் குழாய்க்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாரோ என்றிருந்தது. தேங்காய் துருவுவதாகச் சொன்னாரே, அவரும் அன்று இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "டம்ளர மெதுவா வைய்யா" என்று அதட்டினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் முள்ளின் நுனியை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி அடுத்த பிளேட்டைப் போட்டேன். மத்தியானத்துக்குள் நாலு பெஞ்சும் நிறைந்துவிட்டது. பாட்டுக்காகத் தெரு தாண்டிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

மாமனார் மூலையில் காபியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பொழுது சாயும்போது எழுந்து, முள்ளையெல்லாம் கொல்லையில் இறக்கிப் போட்டுவிட்டு வண்டியில் மாட்டைப் பூட்டினார். வீட்டோடு வந்துவிடச் சொல்லும் அந்தப் பேச்சை இப்போது எடுக்கப் போகிறார் என்று நான் வண்டிப் பக்கமாகவே போய் நின்றேன்.

"கடைய விட்டுட்டு வெளிய நிக்கறீங்களே, ஆளு காத்திருக்காங்க பாருங்க. நான் போயிட்டு வரேன் மாப்பிள" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்று எனக்கு வந்த பெருமூச்சு மாதிரி அப்புறம் எப்போதும் வந்ததில்லை.

அந்தத் தை பிறந்தது. கடை அங்கேயேதான் இருந்தது. எதிர்க்கடைக்காரரின் ஊசிகளும் தேய்ந்துபோய், "உங்க முள்ளு கொஞ்சம் கெடைக்குங்களா?" என்று ஒருநாள் கொல்லைப்பக்கமாக வந்து கேட்டார். ஒரு கட்டு கொடுத்து அனுப்பினேன். மாமனார் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், காபி குடிப்பார், நாதஸ்வரம் போடச் சொல்வார், போய்விடுவார். வீட்டோடு வந்துவிடுங்கள் என்ற வார்த்தை சாகும்வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. இப்போதும் நான் ஒன்று கேட்டு யாராவது வேறொன்றைக் கொண்டுவந்து நின்றால், கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் கொண்டுவந்ததை முதலில் வண்டியிலிருந்து இறக்கச் சொல்லிவிடுகிறேன்.