குளியலறை எறும்புகள்

என் பத்து வயது மகள் சபீனா வாடிக்கொண்டே வந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். அவள் போய்வந்த குளியலறையில் எறும்புகள் கறுப்பு நூலாய் ஊர்ந்தன. பயந்துபோய், காரமடைப் பக்கம் ஓதிப்பார்க்கும் ஒருவரிடம் கூட்டிப்போனேன்.

அவர் நோயைக் கேட்கவில்லை. தாயின் பெயரைக் கேட்டார். சூனியக்காரர்கள்தான் அப்படிக் கேட்பார்கள், அவர்களிடம் போவதே ஹராம் என்று மதரஸாவில் படித்தவள் நான். ஆனாலும் சொன்னேன்.

"எறும்பு சும்மா வரலீங்க அம்மணி. உங்க ஊட்டுக்குள்ளயே ஒருத்தி சூனியம் வெச்சுப்போட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா நான் கட்டற தாயத்து வேலை செய்யாது."

வீட்டில் இன்னொரு பெண் என் நாத்தனார் ஆயிஷா மட்டும்தான். அவள் ஆக்கிய சோற்றைக்கூட மகளுக்குக் கொடுக்காமல் ஒளித்தேன்.

அந்த வாரமே சபீனா மயங்கி விழுந்தாள். ஓடிவந்து தூக்கிய ஆயிஷாவிடம், "தொடாதே! நீதான் செஞ்சுபோட்டே!" என்று கத்தினேன்.

அவள் முகம் வெளுத்தது. பிடி மட்டும் தளரவில்லை. "என்னைய அப்புறமா திட்டிக்கங்க அண்ணி. எறும்பு சக்கரைக்குத்தான் வரும். ஆட்டோவக் கூப்பிடுங்க!"

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா புள்ளை இல்லீங்க" என்றார் டாக்டர். சர்க்கரை நோயாம், இந்த வயதில்.

இப்போது தாயின் பெயரைக் கேட்கிறவர் முன் நான் உட்காருவதில்லை. காலையில் குர்ஆன் ஓதி மகள்மீது நானே ஊதுகிறேன். பக்கத்தில் இன்சுலின் ஊசியோடு ஆயிஷா காத்திருக்கிறாள்.