தண்ணி லாரியின் சாவி

நான் நான்காம் வகுப்பு படித்த அந்தக் கோடையில், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் என்றால் மாமாவின் லாரிதான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்லாவியிலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கு வந்தவர். பேரிகை ரோட்டில் ஒரு தோட்டத்துப் போர்வெல்லில் தண்ணீர் ஏற்றி, தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குக் குடக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கம்பெனியில் சங்கத்துக்காகப் பேசிப் பேசி, தெருவிலும் நியாயம் கேட்கிற ஆளாகிவிட்டிருந்தார்.

குழாய் வறண்டு வெகுநாளாகியிருந்த நேரம் பார்த்து, ஒரு காலையில் மாமா குடத்தின் விலையை இரட்டிப்பாக்கினார். தெரு கொதித்தது.

"சொந்தக்காரன்னு உங்க ஊட்டுக்காரரு வாய மூடிகினு இருக்காரு" என்று பக்கத்து வீட்டம்மா அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகம் கறுத்துப்போனது.

மறுநாள் லாரி தெருமுனையில் திரும்பியதுமே ஆட்கள் மறித்துக்கொண்டார்கள். யாரோ ஓங்கித் தட்டியதில் பக்கவாட்டுக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. நான் வெறும் குடத்தோடு அம்மாவின் சேலையில் ஒண்டிக்கொண்டேன். அப்பா படியில் ஏறி, கையை உள்ளே விட்டு, லாரியின் சாவியை உருவினார்.

"பழைய வெலைக்கு ஊத்துறதுன்னா ஊத்து மாப்ள. இல்லன்னா வண்டி இங்கனயே நிக்கும்."

அக்கா புருஷனை மாமாவும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

"அந்த போரு வத்திப்போச்சு மாமா. இப்ப சூளகிரி தாண்டிப் போயி, காத்துக் கெடந்து ஏத்திகினு வர்றன். டீசலுக்கு எவன் குடுப்பான்? நான் என்னா பண்றது?"

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டு அவர் சட்டையைப் பிடித்தது. அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. மாமா தலையைக் குனிந்தபடி இறங்கி, பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டார். பழைய விலைக்கே நீர் கிடைத்த சந்தோஷத்தில் ஒருவர் பைக்கைக்கூடக் கழுவினார். லாரி காலியான பிறகுதான் அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அடுத்த நாள் லாரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாமா போனையும் எடுக்கவில்லை.

பின்னாளில் கல்லூரியில், இயந்திரவியல் படிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் பொருளாதாரம் தெரியட்டும் என்று ஒரு பாடம் வைத்தார்கள். விற்பவனுக்குக் கட்டுப்படியாகாத விலையைக் கட்டாயமாக்கினால் சரக்கு வேறு பக்கம் போய்விடும் என்று பேராசிரியர் பலகையில் கோடு போட்டு விளக்கினார். வகுப்பு கொட்டாவி விட்டது. நான் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் லாரி வராத அந்த நாட்களில் வீட்டில் கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கவே தண்ணீரை அளந்து அளந்து ஊற்ற வேண்டியிருந்தது. துணி அலச வழியில்லை. அவன் அழும் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம், லாரி எங்கே நிற்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட அம்மா, அவனை அப்பாவின் மடியில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கர்நாடக எல்லைப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்றது மாமாவின் லாரி. உடைந்த கண்ணாடி மாற்றப்படவில்லை.

"உன் மருமவன் பேதியாவி சுருண்டு கெடக்கறான். நீ இங்க ஊத்திகினு இருக்கறயாடா?"

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உனுக்குன்னா சும்மாவே தரன்க்கா. தெருவுக்கே சும்மா தர முடியுமா? இங்க கேக்கற வெலைய குடுக்கறாங்க. அங்க வந்தா சாவிய புடுங்கறாங்க."

"நாளைக்கு உன் வெலைக்கே வா. எவன் சாவிய தொடறான்னு நான் பாக்கறன்."

இரண்டு கேன்களில் தண்ணீரோடு திரும்பினோம். நடந்ததைக் கேட்ட அப்பா, "அப்ப நான் செஞ்சது தப்பா?" என்றார்.

"தப்போ சரியோ, எனுக்கு தெரியாது. புள்ளைக்கு தண்ணி வேணும்."

மறுநாள் லாரி மெதுவாக, எந்த நேரமும் பின்வாங்கத் தயார் என்பதுபோல் தெருவுக்குள் நுழைந்தது. அம்மா ஓட்டுநர் கதவின் முன்னால் போய் நின்றுகொண்டாள். முறைத்தார்கள், முனகினார்கள். கையை மட்டும் யாரும் நீட்டவில்லை. அப்பா வெளியே வரவே இல்லை.

வரிசை சின்னதாக இருந்தது. இடிபாடு இல்லை, சண்டை இல்லை. எல்லோரும் பிடித்துப் போன பிறகும் லாரியில் தண்ணீர் மிச்சமிருந்தது. கடைசி வீட்டு வாசலில் என் வகுப்புத் தோழி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலை செய்தார்.

"நீங்க புடிக்கல?" என்று கேட்டேன்.

"வேணாம். எங்க ஊட்ல இருக்குது" என்றவள், சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குள் ஓடி, "அப்பா, இப்ப எல்லாருக்கும் தண்ணி போதும்ப்பா! கடைசி வீட்ல கூட வேணாம்னுட்டாங்க. லாரில மிச்சமே இருக்கு!" என்றேன்.

"கடைசி வீட்லயா வேணாம்னாங்க?" என்றார் அப்பா. பிறகு தம்பியைப் பாயில் கிடத்தி எழுந்தார். அம்மா அப்போதுதான் நிரப்பி வைத்திருந்த குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, மாமாவின் லாரியைக் கடந்து, தெருவின் கடைசிக்கு நடந்தார். வேண்டாம் என்று சொன்னவர்கள் வீட்டுக்கு எங்கள் தண்ணீரை எதற்காகக் கொண்டுபோகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.