சுப்புராஜ் அண்ணாச்சியின் ரக்பிக் கணிப்பு

அருப்புக்கோட்டையில் பருத்தி கமிஷன் கடை வைத்திருக்கும் சுப்புராஜ் அண்ணாச்சிக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பருத்தியைப் பற்றித் தெரியும். அதோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தச் சரித்திரத்தை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

தேர்தலில் யார் ஜெயிப்பார், மழை என்றைக்கு இறங்கும், பக்கத்துக் கடைக்காரர் மகளுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை அமைவான் என்று எல்லாவற்றுக்கும் இருளாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஒன்றும் பலித்ததில்லை. அதற்காக அவர் வெட்கப்பட்டதும் இல்லை. கணிப்பு சரியாகத்தான் இருந்தது, நடந்ததுதான் தப்பாக நடந்துவிட்டது என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு.

இப்படிப்பட்ட ஞானியின் கண்ணில் ரக்பி பட்டது ரக்பியின் கெட்ட நேரம்.

வீடு நரிக்குடியில், கடை டவுனில். மகன் அசோக் நரிக்குடிப் பள்ளியில் பிளஸ் ஒன். அங்கே பி.டி. வாத்தியார் மாரிக்கண்ணன் கபடி ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஏழு பேரைப் பொறுக்கி, முற்றிய பப்பாளிக்காய் மாதிரி ஒரு பந்தைக் கையில் கொடுத்து ரக்பி அணி ஆக்கியிருந்தார். ஏழில் அசோக் ஒருவன். பந்தைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கோட்டுக்கு ஓட வேண்டும், கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி, கூட்டாளிக்கு எறிவதானால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும், எதிராளி இடுப்பைப் பிடித்துச் சாய்ப்பான். இவ்வளவுதான் ஆட்டம்.

அண்ணாச்சி ஆட்டத்தைப் பார்க்கவில்லை. சர்டிபிகேட்டைப் பார்த்தார். கபடி என்றால் தெருவுக்கு ஒரு அணி, அதில் மோதி மேலே வருவதற்குள் பையனுக்கு மீசை நரைத்துவிடும். ரக்பிக்கு இந்த வட்டாரத்தில் மொத்தமே மூன்று பள்ளிகள்தான். அதில் முதலாவது வந்துவிட்டால் நேரே மாநிலப் போட்டி. மாநிலப் போட்டியில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டு. அசோக்கின் மார்க்கை நம்பி எந்தக் காலேஜும் வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்கப் போவதில்லை. பையனுக்கு இருந்த ஒரே வழி இந்தப் பப்பாளிதான்.

எனவே மூன்று அணிகளின் எதிர்காலத்தையும் அண்ணாச்சி ஆராயத் தொடங்கினார். ஆராய்ச்சி முறை அவருடைய தொழிலில் இருந்தே வந்தது. சக்கரை மிட்டாய் வாங்கித் தருவதாகப் பையன்களைக் கூப்பிட்டு, கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் பருத்தி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தினார். மூட்டைக்குச் சாக்கு எடையைக் கழிப்பது போல பூட்ஸ் எடையைக் கழித்தார். பஞ்சில் இழை நீளம் பார்க்கிற தோரணையில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பையன்களின் புஜத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். பையன்களும் மிட்டாய்க்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் தீர்ப்பு வெளியானது.

“குமாரலிங்கபுரம் பயலுக நல்லாத்தான் ஆடுவாய்ங்களாம். ஆனா அது வரப்போற டீமுப்பா, இன்னும் வரல. நரிக்குடி சொத்தை. ஏழு பேரும் சேந்து நின்னாலும் ஒரு லோடு தேறாது. டவுன்ல அந்தத் தனியார் பள்ளிக்கூடம் இருக்கே, அதுதான் டீமு! ஒவ்வொருத்தனும் ஒரு பஞ்சுப் பேலு. அவிங்க வந்து இடிச்சா நரிக்குடிப் பயலுக ராமநாதபுரத்துல போயி விழுவாய்ங்க.”

“அண்ணாச்சி, அது ஓடுற வெளாட்டுன்னு சொன்னாக,” என்றார் இருளாண்டி, டீயை ஆற்றிக்கொண்டே.

“ஓடுறவன இடிச்சா நின்னுருவான்ல?”

“இடிக்கிறதுக்கு மொதல்ல பக்கத்துல வரணுமே.”

“நீ சர்க்கரையப் போடு.”

டீக்கடையோடு முடிந்திருந்தால் ஊருக்குச் சேதம் இல்லை. அண்ணாச்சி தன் கணிப்பைத் தானே நம்பிவிட்டார். சீசன் தொடங்கும் முன்பே அசோக்கை நரிக்குடிப் பள்ளியிலிருந்து பிடுங்கி, டவுன் பள்ளியில் சேர்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். ஜெயிக்கப் போகிற அணியில் பையன் இருந்தால் சீட்டு கையில் இருக்கிற மாதிரிதானே.

மாரிக்கண்ணன் வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டுப் பார்த்தார். “அண்ணாச்சி, இவன் நல்லா ஓடுறான். இங்க இவனுக்கு எடம் இருக்கு. அங்க போனா வெளியதான் உக்காந்திருப்பான்.”

“உக்காந்திருந்தாலும் ஜெயிக்கிற டீமுல உக்காந்திருப்பான் சார்.”

“அவன ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பருத்தியை எந்த மில்லுக்கு அனுப்பலாம் என்று பருத்தியிடம் கேட்கிற வழக்கம் அவர்கள் பரம்பரையில் கிடையாது. அசோக் கதவோரம் நின்று காலால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா செல்வலட்சுமிதான் பேசினாள்.

“ஒங்க கணிப்ப நம்பி போன வருசம் வெங்காயத்த வாங்கிப் போட்டோம். நாத்தம் இன்னும் போகல. பையனையாவது விடுங்களேன்.”

“வெங்காயம் வேற, ரக்பி வேற.”

இந்த அரிய உண்மையைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி மகனைக் கூட்டிக்கொண்டு டவுன் பள்ளியில் சேர்க்கப் பஸ்ஸேறினார்.

போட்டி திருச்சுழியில். முந்தின சாயங்காலம் நல்ல மழை. காலையில் செல்வலட்சுமி வாசலில் நின்று, “மழ பேஞ்ச கரிசல்ல வெளாட்டா?” என்று கேட்டாள். “மழை பருத்திக்குத்தான் ஆகாது,” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஈரக் கரிசலில் லோடு வண்டியைக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று முப்பது வருஷமாகப் பார்த்து வருகிற மனிதர் அவர். வண்டி சிக்கினால் டிரைவரை அவர் திட்டுகிற திட்டை அந்த வட்டாரமே அறியும். ஆனால் அது தொழில், இது விளையாட்டு. இரண்டையும் அவர் கலப்பதே இல்லை.

குமாரலிங்கபுரம் அணி கடைசிவரை வந்துகொண்டே இருந்தது. வந்து சேரவில்லை. ஆகவே மற்ற இரண்டு அணிகளுக்கும் ஒரே ஆட்டம், ஜெயித்தவர் மாநிலத்துக்கு.

டவுன் அணி புதுச் சட்டை, புதுப் பூட்ஸோடு இறங்கியது. அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “பாத்தீங்களா எடைய!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் தன் வீட்டுச் சொத்தைக் காட்டுவது போலக் காட்டினார். விசில் ஊதினார்கள். டவுன் பையன்கள் பந்தோடு நான்கு எட்டு வைத்தார்கள். ஐந்தாவது எட்டில் பூட்ஸோடு பூமியும் கிளம்பி வந்தது. ஆளுக்கு இரண்டு கிலோ மண்ணைக் காலில் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி முடித்துவிட்டு வருகிறவர்கள் போல நடந்தார்கள். அசோக் இடத்துக்கு இன்னொரு கபடிப் பையனைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்த நரிக்குடிப் பையன்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். ஓடி, பின்னால் எறிந்து, வாங்கினவன் ஓடி, கோட்டைத் தாண்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். டவுன் பையன்கள் இடிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். இடிக்க ஆள் அகப்படவில்லை.

கடைசி நிமிஷத்தில் டவுன் கோச் வேறு வழியில்லாமல் அசோக்கை இறக்கினார். அவன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கினான். பந்து ஒரே ஒரு தடவை கைக்கு வந்தது. ஓடினான். ஐந்து புள்ளி. டவுன் அணி அன்றைக்கு எடுத்த மொத்தப் புள்ளியும் அதுதான். நரிக்குடிக்காரர்கள் எடுத்ததை எண்ணுவதை எல்லோரும் முன்பே விட்டிருந்தார்கள்.

விசில் ஊதியதும் அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி மாரிக்கண்ணனிடம் போனார்.

“சார், நம்ம பையன நாளைக்கே நரிக்குடியில திருப்பிச் சேத்துர்றேன். மாநிலத்துக்கு அவனையும் கூட்டிட்டுப் போயிருங்க.”

“ஒரு சீசனுக்கு ஒரு பள்ளிக்கூடந்தான் அண்ணாச்சி. இன்னைக்கு எறங்கி ஆடிட்டான்ல. இனி ஆகாது.”

“கடைசி நிமிசந்தான சார் ஆடுனான்?”

“அந்த ஒரு நிமிசம் நல்லா ஆடுனான்,” என்றார் மாரிக்கண்ணன். அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அண்ணாச்சியின் மண்டையில் ஏறவில்லை.

அப்போது போட்டோ எடுக்க ஆள் வந்தது. ஜெயித்த ஏழு பேரும் வாங்கிய கோப்பையோடு சேறும் சிரிப்புமாக வரிசை கட்டினார்கள். அண்ணாச்சிக்கு உடனே ஒரு யோசனை. போட்டோவில் இருந்துவிட்டால் யார் எந்தப் பள்ளி என்று பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்?

“ஏலே அசோக்கு! வா, வந்து நில்லு!”

நரிக்குடிப் பையன்களும் கைகாட்டினார்கள். “வாடா, நம்ம பய தானே நீயி!”

அசோக் மைதானத்தின் அந்தப் பக்கம் டவுன் பையன்களோடு குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு தடிப்பையனின் பூட்ஸில் இருந்த மண்ணைக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தான். அந்தத் தடிப்பையன் அழுதுகொண்டிருந்தான்.

“நீங்க எடுங்கடா,” என்று பையன்களிடம் சொன்னான். பிறகு அப்பாவைப் பார்த்தான். “நான் தோத்த டீமுப்பா. நீங்கதான சேத்தீக.”

போட்டோக்காரர் அவசரப்பட்டார். அண்ணாச்சி ஒரு கணம்தான் யோசித்தார். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, மகனுக்காகப் பையன்கள் விட்டிருந்த இடைவெளியில் போய்த் தானே நின்றார். மார்பை விரித்து, கோப்பையில் ஒரு கையும் வைத்துக்கொண்டார்.